அப்பா தூங்கும் வீட்டில் ஒரு பள்ளிக்கூடம்

மகளை ஏன் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினீர்கள் என்று கேட்பவர்களுக்காக என்னிடம் பல பதில்கள் தயாராக இருந்தன. ஆளுக்குத் தக்க பதில். வீட்டுக்கார அம்மாவிடம், காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது என்றேன். கோவில்பட்டியில் இருக்கும் என் அக்காவிடம், வேறு பள்ளியில் இடம் கேட்டிருக்கிறோம் என்றேன். தண்ணீர் கேன் போடுகிறவர் கேட்டபோது மட்டும் ஏனோ அலுத்துப்போய், "வீட்லயே நான் சொல்லிக் குடுக்கேன்" என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் கேனை இறக்கிவைத்துவிட்டு, "டியூஷனா மேடம்? எங்க பாப்பாவையும் அனுப்பட்டுமா?" என்றார். உண்மை பேசுவதில் இப்படியும் ஒரு தொல்லை இருக்கிறது.

உண்மையான காரணம் ஒரு தண்ணீர் பாட்டில். நீல நிறம், மூடியில் முயல் படம். ஒன்றாம் வகுப்புக்குப் போன என் மகளின் பையிலிருந்து அது தினமும் சாயங்காலம் நிறைந்தபடியே திரும்பி வந்தது. கோவில்பட்டி வெயிலில் வளர்ந்தவள் நான். இந்த ஓசூர் குளிரில் பிள்ளைகளுக்குத் தாகமே எடுக்காது போல என்று எனக்கு நானே ஒரு விஞ்ஞானம் கண்டுபிடித்து, அந்தத் தண்ணீரைத் துளசிச் செடிக்கு ஊற்றிவிடுவேன். செடி நன்றாக வளர்ந்தது. மகளுக்குத்தான் அடிவயிற்றில் வலியும் காய்ச்சலும் வந்தன. பிள்ளை தண்ணீர் குடிக்கிறதா என்று டாக்டர் கேட்டார். நான் அவளைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்த பிறகு என் காதருகே வாயை வைத்துச் சொன்னாள்.

"தண்ணி குடிச்சா ஒன்னுக்கு வரும்மா. வந்தா மிஸ்கிட்ட கேக்கணும்ல."

கேட்பதற்கு வாய் திறக்க வேண்டும். வாய் திறக்காமல் இருப்பதற்காகத் தண்ணீரையே விட்டுவிட்டாள். ஆறு வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு வைராக்கியம் எங்கிருந்து வந்தது என்று நினைத்தபோது எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

அவளுக்குப் பேச்சு வராமல் இல்லை. வீட்டில் ஓயாமல் பேசுவாள். பல்லிக்குச் சளி பிடிக்குமா, நிலாவுக்கு ஷிப்ட் உண்டா என்று காதருகே வந்து கேட்டுக்கொண்டே இருப்பாள். மெல்லிய குரல். காற்றாடி ஓடினால் காதில் விழாது. பள்ளி வேனில் காலை வைத்ததும் அந்த மெல்லிய குரலும் எங்கோ போய்விடும். அவளுடைய டீச்சர் எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பெண். கன்னடம் கலந்த தமிழ், நல்ல முகம். என்னை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார்.

"பாப்பா நல்ல பாப்பா மேடம். எழுதறா, படம் வரையறா. வாய மட்டும் தொறக்கறதே இல்ல. அட்டெண்டன்ஸ்ல ரோல் நம்பர் செவன்டீன்னு கூப்பிடறேன், பதிலே வராது. ஆப்சென்ட் போட்டுடறேன். அப்புறம் நிமிந்து பாத்தா உக்காந்துட்டு இருக்கா. அடிச்சுத் திருத்த வேண்டியதா போகுது."

அவர் மேல் தப்பில்லை என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு எனக்கு மண்டைக்குள் சுர்ரென்று ஏறியது. கண் முன்னால் உட்கார்ந்திருக்கிற பிள்ளையை இல்லை என்று எழுதுவதற்கு எதற்கு ஒரு பேனா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. சரி மேடம் என்று சொல்லிவிட்டு வந்தேன். எங்கள் வீட்டில் வாய் திறக்காத ஆள் ஒருத்தி மட்டும் இல்லை போலிருக்கிறது.

அவள் பேசாததற்காக வேறொரு டாக்டரிடம் காட்டினோம். பேச்சில் கோளாறு எதுவும் இல்லை, சில பிள்ளைகளுக்குச் சில இடங்களில் வாய் திறக்காது, கட்டாயப்படுத்தினால் இன்னும் இறுகிவிடும் என்றார். அன்று சாயங்காலம் என் கணவர் டாக்டர் சொன்னதைத் தன் போக்கில் யோசித்துப் பார்த்தார். அவருக்கு வண்டி உதிரிபாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை. உலகத்தில் எது நடந்தாலும் அதைத் தன் கம்பெனிக்குள் கொண்டுபோய் வைத்துப் பார்த்தால்தான் அவருக்குப் புரியும்.

"எங்க லைன்ல ஒரு பீஸ் சரியா உக்காரலைன்னா சுத்தியல வச்சு அடிக்க மாட்டோம். லைன விட்டு வெளிய எடுத்துருவோம். எடுத்து வச்சு, என்ன ஏதுன்னு பொறுமையாப் பாப்போம்" என்றார்.

"வெளிய எடுத்து எங்க வைப்பீக?"

"செவப்பு டப்பால."

"தனியாவா?"

மறுநாளே பள்ளியில் போய்ச் சொல்லிவிட்டோம். கொஞ்ச காலம் வீட்டில் படிக்கட்டும், நான் பி.எஸ்ஸி. கணிதம் படித்தது பரண்மேல்தானே கிடக்கிறது, எடுத்துத் துடைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அக்காவிடம் மறைத்தது எப்படியோ தெரிந்துபோய், போனில் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, பிள்ளைய வீட்டுக்குள்ள அடைச்சு வச்சு என்ன செய்யப் போறீக? நாளைக்கு நாலு பேரு முன்னாடி எப்படி நிப்பா?"

அதே கேள்விதான் எனக்கும். நாலு பேர் முன்னால் நிற்பது இருக்கட்டும், எங்கள் தெருவில் நாலு பேரைப் பார்ப்பதே கஷ்டம். காலையில் மட்டும் தெருமுனை திருவிழாவாக இருக்கும். கம்பெனி பஸ்கள், பள்ளி வேன்கள், டிபன் பைகள், ஈரத் தலையோடு ஓடுகிற பெண்கள். ஒன்பதரைக்கு மேல் யாரோ துடைத்தெடுத்ததுபோல ஆகிவிடும். எல்லோர் வீட்டிலும் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள். வாசலுக்கு வாசல் பூட்டு. மதியம் ஒரு மனிதக் குரல் கேட்க வேண்டுமென்றால் தக்காளி வண்டி வர வேண்டும். அதிலும் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் பேசுவது பதிவு செய்த குரல்தான். வண்டிக்காரர் வாயைத் திறந்து நான் பார்த்ததே இல்லை.

அவள் ஏறி இறங்கிய பள்ளி வேன், முதல் சில நாட்கள் பழக்கத்தில் எங்கள் வாசலில் வேகத்தைக் குறைத்தது. மகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்ப்பாள். டிரைவர் எங்களைப் பார்த்ததும் நினைவு வந்து, கையை ஆட்டிவிட்டுப் போவார். பிறகு வேன் குறைக்காமலே போகத் தொடங்கியது. அவள் ஜன்னலுக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

எங்கள் வீட்டுப் பள்ளிக்கூடத்துக்கு மணி அடிப்பது கம்பெனி. என் கணவருக்கு வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். காலை ஷிப்ட் வாரம் என்றால் காலையில் கணக்கு, தமிழ் எல்லாம் முடித்து, அவர் வந்ததும் விளையாட்டு. மதிய ஷிப்ட் வாரம் காலையில் அவரோடு மார்க்கெட்டுக்குப் போய் எடை பார்ப்பதே கணக்கு. நைட் ஷிப்ட் வாரம் வந்தால்தான் சங்கடம். அவர் காலையில் வந்து, குளித்துச் சாப்பிட்டுப் படுத்தால் மூன்று மணி வரை எழ மாட்டார். ஒரு ஹால், ஒரு படுக்கையறை, மரத்தூள் பலகைக் கதவு. தும்மினாலும் அந்தப் பக்கம் கேட்கும்.

அந்த வாரத்தில் வீட்டைச் சத்தமில்லாமல் நடத்துவதில் எனக்கு ஒரு பெருமையே உண்டு. குக்கர் கிடையாது, சோறு வடித்துவிடுவேன். சட்னியை அவர் வருவதற்கு முன்பே அரைத்துவிடுவேன். காலிங் பெல்லின் ஒயரைக் கல்யாணமான புதிதிலேயே பிடுங்கியாயிற்று. டம்ளரை மேடையில் வைக்கும்போது அடியில் துணி இருக்கும். தக்காளி வண்டிக்காரரே எங்கள் வாசல் வந்தால் ஒலியைக் குறைத்துவிடுவார். மகளுக்கு முதல் பிறந்தநாளுக்கு அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த கொலுசை, அம்மா பஸ் ஏறிய மறுநாள் கடையில் கொடுத்து முத்துக்களை எடுத்துவிட்டு வாங்கிவந்தேன். ஷிப்ட் வேலைக்காரர் வீடுகள் பலவற்றில் இப்படித்தான். நைட் ஷிப்ட் தூக்கம் கெட்டால் மெஷின் முன்னால் கண் சொருகும், கை போய்விடும் என்று எல்லோருக்கும் பயம். அந்தப் பயம் சும்மா வந்ததில்லை.

அப்படி ஒரு நைட் ஷிப்ட் வாரத்தில்தான் அவள் வகுப்பு நடத்தத் தொடங்கினாள். கொடியில் மாட்டும் துணிக்கிளிப்புகளை ஹாலில் வரிசையாக நிறுத்திவைப்பாள். சிவப்பு, பச்சை, மஞ்சள் எல்லாம் அவள் வகுப்புப் பிள்ளைகள். துப்பட்டாவைச் சேலையாகச் சுற்றிக்கொண்டு அட்டெண்டன்ஸ் எடுப்பாள். எல்லாமே கிசுகிசுப்புதான். "ரோல் நம்பர் ஒன்", "ப்ரசன்ட் மிஸ்." "ரோல் நம்பர் டூ", "ப்ரசன்ட் மிஸ்." ஒவ்வொரு கிளிப்புக்கும் ஒரு குரல் வைத்திருந்தாள். ஒன்றுக்கு மூக்கடைப்பு, ஒன்றுக்குக் கொஞ்சம் திக்கல், ஒன்று ஓடிவந்து மூச்சு வாங்கிக்கொண்டு பேசும். மாதக்கணக்கில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தவள் அத்தனை பேரையும் காதில் வாங்கி வைத்திருக்கிறாள்.

செவன்டீன் என்று கூப்பிடுவாள். பதில் இருக்காது. கொஞ்சம் பொறுப்பாள். பக்கத்துக் கிளிப் வேறொரு குரலில் சொல்லும்.

"மிஸ், அவ இருக்கா மிஸ். பேச மாட்டா."

ஒரு நாள் மதியம் நான் அடுக்களையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். ஹாலில் கிளிப்புகள் சரிந்து விழுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அவள் விரலை உதட்டில் வைத்து, குனிந்து, மொத்த வகுப்பையும் அதட்டிக்கொண்டிருந்தாள்.

"உஷ். யாரும் சத்தம் போடக்கூடாது. அப்பா தூங்குறாங்க."

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அருகில் போய் உட்கார்ந்து, "ஸ்கூல்ல எந்த அப்பா தூங்குறாங்க பாப்பா?" என்று கேட்டேன். இது கூடத் தெரியாதா என்பதுபோல என்னைப் பார்த்தாள்.

"யாராச்சும் ஒரு அப்பா தூங்கிட்டு இருப்பாங்கம்மா."

கீரைத் தண்டு கையிலேயே இருந்தது. விரலை உதட்டில் வைத்த அந்த விதம், லேசாகத் தலையைச் சாய்த்துக் கண்ணை உருட்டுகிற விதம் என்னுடையது. அவள் தொட்டிலில் கிடந்த காலத்திலிருந்து பார்த்து வந்தது. அழுவதற்கு வாயைத் திறக்கும் முன்பே என் விரல் அங்கே இருக்கும். தவழ்ந்தபோதும் நடந்தபோதும் முதல் வார்த்தை பேசியபோதும் இருந்தது. பகல் என்றால் யாரோ தூங்குகிற நேரம் என்றுதான் அவளுக்குத் தெரியும். பள்ளிக்கூடம் இருப்பதும் பகலில்தானே. நான் அடுக்களைக்குத் திரும்பிப்போய் அழுதேன். சத்தம் வராமல்தான் அழுதேன். அந்த வித்தை எனக்கும் நன்றாக வரும்.

பேசுவதற்காக வீட்டுக்குக் கூட்டிவந்த பிள்ளையை, பேசக்கூடாத வீட்டில் கொண்டுவந்து வைத்திருக்கிறோம். இதை யாரிடம் சொல்வது? தெருவில் ஆள் இல்லை. அக்காவிடம் சொன்னால் அழுவாள், அல்லது திட்டுவாள். அவர் எழுந்து டீ குடிக்கும்போது அவரிடமே சொன்னேன்.

"அப்போ எல்லாத்துக்கும் நாந்தான் காரணமா?" என்றார்.

"உங்களச் சொல்லல. வீட்டச் சொல்லுதேன்."

டம்ளரைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். அவருக்கும் அது பழகிப்போயிருந்தது. பகல் ஷிப்டிலேயே வைத்துக்கொள்ள முடியுமா என்று கம்பெனியில் கேட்டுப் பார்த்தார். எல்லார் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கின்றன என்று சொல்லிவிட்டார்களாம். அதுவும் நியாயம்தான். நியாயமாக இருப்பதால் கோபப்படக்கூட வழியில்லை.

அதற்குப் பிறகு நைட் ஷிப்ட் வாரங்களில் எங்கள் பள்ளிக்கூடத்தைப் பாகலூர் டவுன் பஸ்ஸுக்கு மாற்றினேன். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. எஞ்சின் போடுகிற சத்தத்தில் யாரும் யாரையும் எழுப்பிவிட முடியாது. காலையில் அவர் படுத்ததும் இருவரும் கிளம்பிவிடுவோம். பின்சீட்டில் ஜன்னலோரம் அவள், பக்கத்தில் நான். ரோஜா வளர்க்கும் பிளாஸ்டிக் கூடாரங்கள், பாதி கட்டி நிற்கிற அடுக்குமாடிகள், கர்நாடகா நம்பர் லாரிகள். கடைப் பலகைகளைப் படிக்கச் சொல்வேன். முதலில் உதடு மட்டும் அசையும். "கேக்கல பாப்பா" என்பேன். நடிப்பில்லை, உண்மையிலேயே கேட்காது. அடுத்த பலகைக்குக் கொஞ்சம் குரல் ஏறும். ஒரு முறை டிரைவர் ஹார்ன் அடித்துக்கொண்டே போனபோது, அதற்கு மேலாக "சிமெண்ட், கம்பி, ஜல்லி கிடைக்கும்" என்று அவள் படித்தது எனக்குத் தெளிவாகக் கேட்டது. என் வாழ்நாளில் சிமெண்டும் ஜல்லியும் அவ்வளவு இனிமையாக இருந்ததில்லை.

"டெய்லி எங்கம்மா போறீங்கோ?" என்று கண்டக்டர் ஒரு நாள் கேட்டார்.

"ஸ்கூலுக்கு" என்றேன். அவர் இருவரையும் பார்த்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார்.

பாகலூரில் இறங்கி ஆளுக்கொரு பன் சாப்பிடுவோம். சுற்றிலும் தெலுங்கும் கன்னடமும் தமிழும் பேசிக்கொண்டிருப்பார்கள். எங்களோடு யாரும் பேசுவதில்லை, பேச ஒன்றும் இல்லை. வந்த கூட்டமெல்லாம் கலைந்து ஏதோ ஒரு வேலைக்குப் போய்விடும். நாங்கள் இரண்டு பேர் மட்டும் வந்த பஸ்ஸிலேயே திரும்பி ஏறுவோம். அந்த நேரத்தில் எனக்கு ஊரே இல்லாதவள்போல இருக்கும். கோவில்பட்டி வெகு தூரம், ஓசூர் இன்னும் நம்முடையதாகவில்லை, பாகலூரில் பன் கடை மட்டும்தான் தெரியும். பஸ்ஸில் ஏறிய குரல் பஸ்ஸிலேயே தங்கிவிடும் என்பது இன்னொரு வருத்தம். தெருமுனையில் இறங்கியதும் அவள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கிசுகிசுக்கத் தொடங்கிவிடுவாள்.

அப்படி இறங்கி நடந்த ஒரு நாள் கேட்டாள். "அம்மா, ஸ்கூல்ல என் நம்பர வேற யாருக்காச்சும் குடுத்திருப்பாங்களா?"

தெரியவில்லை என்றேன். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. எனக்குத்தான் அன்று முழுவதும் எதிலும் மனம் ஓடவில்லை. சிவப்பு டப்பாவில் எடுத்து வைத்த பீஸுக்கு லைனில் இடம் காத்திருக்குமா என்று அவரிடம் கேட்க நினைத்தேன். கேட்டால் அவர் உண்மையைச் சொல்லிவிடுவார் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த நைட் ஷிப்ட் வாரத்தில் மழை பிடித்துக்கொண்டது. பஸ்ஸுக்குப் போக முடியவில்லை. அவர் உள்ளே படுத்திருந்தார். நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். ஹாலில் கிளிப்புகளை நிறுத்தி அட்டெண்டன்ஸ் தொடங்கியிருந்தாள். மூக்கடைப்பு வந்தது, திக்கல் வந்தது, ஓடிவந்த மூச்சு வந்தது.

"ரோல் நம்பர் செவன்டீன்."

வழக்கம்போல அமைதி. பக்கத்துக் கிளிப் பேசுவதற்கு முன்னால் படுக்கையறைக் கதவுக்குப் பின்னாலிருந்து, தூக்கம் அப்பிய கரகரத்த குரல் ஒன்று வந்தது.

"ப்ரசன்ட் மிஸ்."

அவள் திடுக்கிட்டாள். நானும் கரண்டியோடு ஹாலுக்கு வந்துவிட்டேன். கதவு மூடித்தான் இருந்தது. அவள் என்னைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். சந்தேகத்தோடு மறுபடி, "ரோல் நம்பர் செவன்டீன்" என்றாள்.

"ப்ரசன்ட் மிஸ்" என்றது உள்ளேயிருந்து.

அவள் எழுந்து கதவருகே போனாள். துப்பட்டா பின்னால் இழுபட்டது. கதவில் வாயை வைத்துக் கிசுகிசுத்தாள். "அப்பா, அது என் நம்பரு."

"கேக்கல."

"என் நம்பருப்பா."

"கேக்கல மிஸ்."

அவள் ஒரு அடி பின்னால் வந்து நின்றாள். காதெல்லாம் சிவந்திருந்தது.

"அது என் நம்பர். நாந்தான் செவன்டீன்."

அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதே இல்லை. கொஞ்சம் தடித்த குரல், என் அம்மாவின் குரல்போல. கதவில் பட்டு ஹால் முழுக்க நிறைந்தது. அதற்குள் என் விரல் அதுபாட்டுக்கு உதட்டுக்குப் போயிருந்தது. அவள் திரும்பி அதைப் பார்த்துவிட்டாள். அவள் வாய் பாதியில் மூடப் போனது. நான் கையைக் கீழே இறக்கி, இரண்டு கைகளாலும் கரண்டியைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்ப நீயே சொல்லு" என்றார் உள்ளேயிருந்து.

அவள் கிளிப்புகளின் முன்னால் போய் நின்றாள். தானே கூப்பிட்டு, தானே பதில் சொன்னாள். "ப்ரசன்ட் மிஸ்." டீச்சர் இல்லை, வகுப்பு இல்லை, எதிர்வீட்டில் பூட்டு, தெருவில் மழை. கேட்டவர்கள் நாங்கள் இரண்டு பேரும் கொஞ்சம் துணிக்கிளிப்புகளும்தான். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கி, முழு வகுப்பையும் அதே குரலில் கூப்பிட்டாள். முடித்ததும் மீண்டும் தொடங்கினாள். சாயங்காலம் வரை வீட்டில் அட்டெண்டன்ஸ் நடந்துகொண்டே இருந்தது.

அன்று அவர் தூங்காமலே வேலைக்குப் போனார்.